மாப்பிள்ளை கொண்டுவந்த சேனைக்கிழங்கு

பவானிபூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து, "தெற்கத்திக்காரர் வீடு எது?" என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். பச்சை ஜன்னல், சுண்ணாம்பு உதிர்ந்த இரண்டு தூண், வாசற்படியை அடைத்துக்கொண்டு எப்போதும் படுத்திருக்கும் ஊர்பேர் தெரியாத ஒரு மாடு. வீடு என்னவோ அசல் வங்காளி வீடுதான். கட்டினவர் முகர்ஜி என்ற வக்கீல். அவர் கண்ணை மூடியபின் அவர் மனைவி மாடியில் ஒண்டியாக இருந்துகொண்டு கீழ்க்கட்டை வாடகைக்கு விட்டாள். குழந்தை குட்டி கிடையாது. தெருவே அவளைக் கின்னிமா என்றது. எஜமானியம்மாள் என்று அர்த்தம்.

கின்னிமாவுக்கு மீன் வாடை ஆகாது. வங்காளத்து விதவைகள் மீனைத் தொடமாட்டார்கள். ஆனால் குடிவந்தவர்களோ மீன் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத பேர்வழிகள். வந்தவர்களையெல்லாம் சண்டை போட்டுத் துரத்தினாள். பிறகு, மீன் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஒரு கூட்டம் மதராஸிலிருந்து ரயிலேறி வந்து ஆபீஸ் ஆபீஸாக உட்கார்ந்திருக்கிறது என்று யாரோ அவள் காதில் போட்டார்கள். அன்று முதல் கீழ்க்கட்டு தமிழர்களுக்கே சாசனம்.

டிராம் வண்டிக்குக் குதிரை போய் மின்சாரம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த அந்த நாளில், கீழே இரண்டு குடித்தனங்கள். ஒன்று பாங்கில் வேலை பார்த்த சீதாராமன், அவர் மனைவி காமு. சீதாராமன் தும்மினால்கூட அதற்கு ஒரு சாஸ்திரம் சொல்லுவார். இன்னொன்று பட்டாபிராமன், நாகலக்ஷ்மி. பட்டாபிராமன் கிளைவ் தெருவில் ஒரு கம்பெனி குமாஸ்தா. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவன் பேசாததையும் சேர்த்து நாகலக்ஷ்மி பேசிவிடுவாள். நடந்த கூத்து அத்தனைக்கும் அவள் வாய்தான் காரணம்.

வந்த புதிதில் பாஷை தெரியாமல் அந்த வாய் பட்டினி கிடந்தது. ஒரு நாள் பட்டாபிராமன் கம்பெனி சரக்கு விஷயமாக ஹவுரா தாண்டிச் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் போனவன், அங்கே விளைகிற சேனைக்கிழங்கு ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தான். நாகலக்ஷ்மி முற்றத்தில் உட்கார்ந்து அதன் தோலைச் சீவிக்கொண்டிருந்ததைக் கின்னிமா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஓல்! சாந்த்ராகாச்சி ஓல்!" என்று சேனையின் வங்காளிப் பேரைக் கூவிக்கொண்டு, முழங்கால் வலியை மறந்து படியிறங்கி வந்தாள்.

கடுகு அரைத்துப் போட்டுப் பிசைய வேண்டும் என்று அவள் ஜாடை காட்டினாள். புளி விட்டு மசிக்க வேண்டும் என்று இவள் ஜாடை காட்டினாள். முடிவில் ஆளுக்குப் பாதி. சாயங்காலம் இரண்டு கிண்ணங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கின. பிராமண விதவையின் அடுப்பு, வெங்காயம் பூண்டு நுழையாத அடுப்பு. அதனால் ஆசாரம் பார்க்கிற காமுகூட ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்து, "தேவலையே!" என்றாள்.

அதிலிருந்து நாகலக்ஷ்மி பாதி நாள் மாடியில்தான். அங்கேயே வங்காளி கற்றுக்கொண்டாள். கின்னிமா அவளை 'லொக்கி' என்று கூப்பிட்டாள். லக்ஷ்மி அந்த ஊரில் அப்படித்தான் ஆகிவிடுகிறாள். நாகலக்ஷ்மி முழுகாமல் இருப்பதும் முதலில் கின்னிமாவுக்குத்தான் தெரிந்தது. தாயில்லாப் பெண், மாமியாரும் ஊரில் படுத்த படுக்கை, பிரசவத்துக்கு எங்கே போவாள் என்று பட்டாபிராமன் விழித்தபோது, "எங்கேயும் போக வேண்டாம். நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி இருக்கிறேனே!" என்று கின்னிமா சொல்லிவிட்டாள். அன்று நாகலக்ஷ்மிக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

மாம்பழக் காலத்தில் ஒரு மத்தியானம் இருவரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். இவள் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் உளுத்தம்மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இந்த மாப்பிள்ளையை யார் தேடினார்கள்? தங்கமான பையன்" என்றாள் கின்னிமா.

"தேடுவானேன்? வீட்டிலேயே இருந்தார். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா பிள்ளைதானே!" என்றாள் நாகலக்ஷ்மி, புதுப் பாஷையில் இவ்வளவு நீளமாகப் பிழையில்லாமல் சொல்லிவிட்ட பெருமையோடு.

கின்னிமாவின் கை மாவிலேயே நின்றது. "அத்தை பிள்ளையா? அண்ணனையா கட்டிக்கொண்டாய்?"

நாகலக்ஷ்மிக்கு முதலில் விளங்கவேயில்லை. அத்தான் எப்படி அண்ணன் ஆவான்? வங்காளத்தில் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாரும் அண்ணன் தம்பிதான்; கல்யாணம் என்று நினைத்தாலே பாவம். அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "எங்கள் ஊரில் அதுதான் முறை, கின்னிமா. கோத்திரம்கூட வேறே" என்று சிரித்தாள். கின்னிமா சிரிக்கவில்லை. பாதி காயாத தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மாடிப்படிக் கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் வேலைக்காரி மோக்ஷதா வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டே, "மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணணுமாம். மாடியிலே கோபாலன் விக்கிரகம் இருக்கு, இந்தப் பாவத்தோடே ஒரே கூரையிலே இருக்க முடியாதுன்னு சொல்றாங்க" என்றாள்.

முற்றத்தில் மகாசபை கூடியது.

"ஏண்டி நாகு, ஒன்னை யாருடி வம்சாவளி வாசிக்கச் சொன்னா?" என்று காமு தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பயம் அவளுக்கு. சீதாராமன் அவளுடைய சொந்தத் தாய்மாமன்; அம்மாவின் கடைசித் தம்பி. "அத்தை பிள்ளைக்கே இந்தக் கூத்துன்னா, எங்க கதை தெரிஞ்சா வீட்டையே இடிச்சுட்டுக் கங்கையிலே முழுகிடுவா. வாயைத் தொறக்காதே, புண்ணியமாப் போகும்!"

"பயப்படாதே. ஸ்மிருதியிலேயே இருக்கு, தெற்கத்திக்காராளுக்கு இது தேசாசாரம்னு. நான் போய் நியாயம் சொல்றேன்" என்று சீதாராமன் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு படியேறினார்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "என் தகப்பனார் பண்டிதர். அந்த ஸ்மிருதி எனக்கும் தெரியும். தெற்கத்திக்காரர்கள் பழைய சோறும் தின்பார்கள் என்று அதே இடத்தில் இருக்கிறது. தின்கிறீர்களோ?"

அன்று காலைதான் சீதாராமன் வடுமாங்காயோடு பழையது சாப்பிட்டிருந்தார். அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"ஹவுராப் பக்கம் ரூம் பார்க்கட்டுமா?" என்றான் பட்டாபிராமன் மெல்ல.

"பக்கத்தாத்திலே மீன் வறுக்கற நெடியிலே நான் குழந்தை பெத்துக்கணுமா?" என்று நாகலக்ஷ்மி சீறினாள். சீறினாளே தவிர, அவளுக்கு ரூமைப் பற்றிய கவலையே இல்லை. கூரை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். 'நான் ஒருத்தி இருக்கிறேனே' என்று சொன்ன மனுஷி எங்கே கிடைப்பாள்?

அடுத்த நாள் மத்தியானம் ஆண்கள் ஆபீஸ் போனபின் அவள் மூச்சிரைக்கப் படியேறி, சாத்தின கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே கின்னிமாவின் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"கின்னிமா, போகச் சொன்னால் போய்விடுகிறேன். கேட்டுவிட்டுத் துரத்துங்கள்" என்று தனக்குத் தெரிந்த வங்காளியில் ஆரம்பித்தாள். "எனக்கு அம்மா முகமே ஞாபகம் இல்லை. அத்தைதான் வளர்த்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல இடம் வந்தது. எல்லாருக்கும் சம்மதம். அத்தை மட்டும் அழுதாள். இடி இடித்தால் இந்தப் பெண் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அசலார் வீட்டில் யார் போய்த் தேடுவார்கள் என்றாள். பிள்ளையைக் கூப்பிட்டு, நீயே கட்டிக்கொள் என்றாள். அவ்வளவுதான். பெற்றவள்தான் போய்விட்டாள், வளர்த்தவளும் போய்விடக் கூடாது என்றுதான். எங்கள் முறையில் பெண் அசலாருக்குப் போகமாட்டாள், அத்தை வீட்டுக்குத்தான் போவாள். இங்கே வந்து இன்னொரு அம்மா கிடைத்தாள் என்று இருந்தேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்."

சொல்லிவிட்டு அவள் வெட்கமில்லாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

"இடி என்றால் பயமா உனக்கு?"

"இப்போதும்தான்."

கின்னிமா கதவைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். "கிருஷ்ணநகரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருட்டு என்றால் பயம். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இல்லை" என்றாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"உன்னை வளர்த்தவள் உன் அப்பாவின் அக்கா. அதனால்தான் அவள் பிள்ளை உனக்கு அண்ணன் ஆகிறான். உன்னை நான் பெண்ணாக எடுத்துக்கொண்டால் பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகும், இல்லையா? கோபாலன் சாட்சியாக, இன்றைக்கே. அப்புறம் அந்த அம்மாள் உனக்கு யார்?"

"மாமியார்."

"அவள் பிள்ளை?"

"என் புருஷன்."

"எனக்கு?"

நாகலக்ஷ்மிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "ஜாமாய்... மாப்பிள்ளை!"

"பின்னே? இத்தனை வருஷம் வக்கீலோடு குடித்தனம் பண்ணினேனே, சும்மாவா?" என்றாள் கின்னிமா. எழுந்து போய், விக்கிரகத்துக்கு முன்னால் வைத்திருந்த சந்தேஷ் இனிப்பில் பாதியை அவள் வாயில் திணித்தாள். ஸ்வீகாரம் முடிந்தது.

ஆனால் மாப்பிள்ளை என்று ஒருத்தன் ஏற்பட்டுவிட்டால் வங்காளத்தில் லேசில் விடமாட்டார்கள். ஜாமாய் ஷஷ்டி என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அன்று மாமியார் மாப்பிள்ளையை அழைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, பனையோலை விசிறியால் விசிறி விசிறிச் சாப்பாடு போடுவாள். வருஷா வருஷம் தெருவே அமர்க்களப்படும்போது, கின்னிமா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது வழக்கம். அந்த ஷஷ்டி அடுத்த வாரம் வந்தது.

"மாப்பிள்ளை வெளியிலிருந்து வாசல் வழியாக வரவேண்டும். கையில் பெரிய மீன் கொண்டுவருவது முறை" என்று சொல்லி அனுப்பினாள் கின்னிமா. மீன் என்ற சொல்லைக் கேட்டதும் பட்டாபிராமன் வெளுத்துப் போனான். நாகலக்ஷ்மி யோசித்தாள். விடியற்காலையில் அவனைச் சாந்த்ராகாச்சிக்கு விரட்டினாள்.

தெரு ஜனம் முழுக்க வாசலுக்கு வந்திருந்தது. மதராஸி மாப்பிள்ளை என்ன மீன் கொண்டுவரப் போகிறான் என்று பார்க்க அவ்வளவு ஆவல். பட்டாபிராமன் மயில்கண் வேஷ்டியும் பஞ்சகச்சமுமாகக் கொல்லை வழியே வெளியேறி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான். ரோகு மீனைக் கட்டித் தொங்கவிடுகிற மாதிரியே கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு பிரம்மாண்டமான சேனைக்கிழங்கு அவன் கையில். தெரு கொல்லென்று சிரித்தது. மாடு எழுந்து வழிவிட்டதோடு கிழங்கை முகர்ந்தும் பார்த்தது. கின்னிமா மட்டும் சிரிக்கவில்லை. "பாருங்கள், என் மாப்பிள்ளை கொண்டுவந்ததை! முள் இல்லாத மீன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அந்தக் கிழங்கில் பாதியைத்தான் சமைக்க முடிந்தது. கடுகு போட்டுப் பிசைந்த சேனை, லூச்சி என்கிற வெள்ளைப் பூரி, சுண்டக் காய்ச்சிய பாயசம், தேன் வடிகிற மாம்பழம். கின்னிமா மாடிக் கூடத்தில் அவனை உட்காரவைத்து நூலைக் கட்டி, "ஷாட், ஷாட்" என்று நீடூழி வாழ வாழ்த்திக்கொண்டே விசிறினாள். பட்டாபிராமன் தலையே நிமிராமல் சாப்பிட்டான். சீதாராமனும் காமுவும் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

காமுவால் பொறுக்க முடியவில்லை. பாயச வாசனையா, அந்த விசிறலா, எது அவளை இளக்கியதோ தெரியாது. நாகலக்ஷ்மியின் தோளைத் தொட்டாள். "நாகு, எனக்கு அவ பாஷை வராது. எங்க விஷயத்தையும் நீயே சொல்லிடு."

நாகலக்ஷ்மிக்குப் பகீரென்றது. போன தடவை வாயைத் திறந்ததற்கே வீடு போகப் பார்த்தது. இப்போது கிடைத்த அம்மாவும் சேர்ந்து போய்விட்டால்? பேசாமல் இருந்துவிடலாம். பிழையே இல்லை. ஆனால் காமுவின் முகத்தைப் பார்த்தாள். மாடிக்குப் போகிற கிண்ணங்களைப் படிக்குக் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம்.

"சீதாராமன் பாபு இவளுக்குச் சொந்தத் தாய்மாமன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

விசிறி நின்றது. கின்னிமா காமுவைப் பார்த்தாள். சீதாராமனை மேலும் கீழும் பார்த்தாள். கோபாலன் இருந்த பக்கம் திரும்பி, ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். பட்டாபிராமனின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது.

"ஷஷ்டியும் அதுவுமாக வெறுங்கையோடு நிற்கிறானே, இவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?" என்றாள் கின்னிமா. "போகச் சொல். வாசல் வழியாக வரச் சொல்!"

சாஸ்திரம் எதுவும் சொல்லாமல் சீதாராமன் மீதிப் பாதிச் சேனையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். காமு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லொக்கி, இன்னொரு தட்டு எடு."

"இதோ, மா!" என்று நாகலக்ஷ்மி எழுந்தாள். 'கின்னி'யைக் காணோம். அதை அவளே கவனிக்கவில்லை, கின்னிமா கவனித்துவிட்டாள். முந்தானையால் கண்ணையும் மூக்கையும் ஒற்றிக்கொண்டு, "இந்த வருஷத்துக் கடுகு ரொம்பத்தான் காரம்" என்றாள்.