கடலில் நின்று பார்த்த காணி

ஜனார்த்தனனுக்கு மண் தெரியும், கடல் தெரியாது. வவுனிக்குளத்து வயற்காரர் வீட்டில் பிறந்தவன். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் அங்கே நெல் வருமா, கச்சான் வருமா, ஒன்றுமே வராதா என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனைப் பிடித்து, முல்லைத்தீவுக் கரையோரப் பற்றைக்காட்டை அளந்து நிறம் அடித்துத் தா என்று அனுப்பியிருந்தது அரசாங்கக் காணிக் கந்தோர். பச்சை என்றால் வீடு கட்டலாம். மஞ்சள் என்றால் நிபந்தனையோடு கட்டலாம். சிவப்பு என்றால் காடு காடாகவே கிடக்கட்டும், மனிதர் கிட்டப் போகக்கூடாது. சொல்கிறவர்களுக்கு என்ன, மின்விசிறிக்குக் கீழே இருந்து சொல்லிப்போடுவார்கள். இராவணன் மீசை முள் குத்துவது இவனுடைய காலில்தானே!

பதினேழு துண்டுகளில் பதினாறை முடித்துவிட்டான். மிஞ்சியது பனிச்சைமுனை. அதைக் கேட்டு ஒரேயொரு விண்ணப்பம் வந்திருந்தது: பத்மாசனி, வயது அறுபத்திரண்டு. அவருடைய கணவர் சிற்றம்பலம் எண்பத்து நாலாம் ஆண்டுச் சண்டைக்குள் ஊரோடு ஓடும்வரைக்கும் அங்கேதான் வீடு வைத்திருந்து கடலுக்குப் போனவராம். காணி உறுதிப்பத்திரம் எரிந்துபோயிற்று. நாற்பது வருசக் காடு வீட்டையும் வேலியையும் தின்றுவிட்டது. பழைய குடியிருப்பின் அடையாளம் ஒன்றாவது நிலத்தில் இருக்கவேண்டும், குடிதண்ணீர் அரைக் கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிவப்புத்தான். வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேண்டும். அன்று புதன்.

பத்மாசனியோடு அவன் அந்தக் காட்டுக்குள் இறங்குவது அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் ஒட்டுசுட்டானிலிருந்து விடிய வெள்ளன பஸ் ஏறி வருவார். பையில் ஒரு காட்டுக்கத்தியும் இரண்டு சோற்றுப் பார்சலும் இருக்கும். ஒன்று அவருக்கு, மற்றது இவனுக்கு. வேண்டாமென்றால் கேட்கிற மனிசியா அவர்? ஆனால் அவருக்கும் அந்த இடம் புதிது. பிறந்தது வடமராட்சியில். சிற்றம்பலத்தைக் கட்டியது இடம்பெயர்ந்தோர் முகாமில். முப்பத்துநாலு வருசமாகக் கணவரின் வாயால் கேட்டுக் கேட்டு அறிந்த காணி அது.

"அவருக்குப் போன வருசம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டுது, தம்பி," என்றார், முள்ளை வெட்டிக்கொண்டே. "என்ர தங்கச்சி வீட்டில படுத்த படுக்கை. சோறு வேண்டாம், மருந்து வேண்டாம், என்னை அங்கை கொண்டுபோ எண்டுதான் கதை. ஒருக்கால் அங்கை படுத்து எழும்பவேணுமாம். வேறை ஆசை இல்லை."

"குறிப்பை இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா."

"ரெட்டைப் பனை. அதில இருந்து வலக்கைப் பக்கம் அறுபது பாகம். அங்கை கிணறு. அவரே முருகைக்கல்லு அடுக்கிக் கட்டினது. தண்ணி இளநியாம்."

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இரட்டைப் பனை என்னவோ எல்லாருக்கும் தெரிய நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து வலப்பக்கம் நூறு மீற்றர், நூற்றிருபது மீற்றர் என்று மூன்று நாளாக வெட்டித் தள்ளிவிட்டார்கள். காரைமுள்ளும் நாகதாளியும்தான் கிடந்தன. கிணறாவது, கல்லாவது!

வெயில் உச்சிக்கு வந்தது. ஜனார்த்தனன் பனையடியில் குந்தியிருந்து படிவத்தை எடுத்தான். சிவப்பு என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. வராத மனத்தோடு எத்தனையோ எழுதியிருக்கிறான், ஆனால் இதை முடியவில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்டுப்பார்ப்போம் என்று சிற்றம்பலத்துக்குப் போன் எடுத்தான்.

"ஐயா, வலக்கைப் பக்கம் முழுக்க வெட்டிப் பாத்திட்டம். ஒண்டும் இல்லை."

"எங்கை நிண்டு பாக்கிறியள்?" குரல் கொஞ்சம் குழறியது, ஆனால் விளங்கியது.

"பனையடியில."

"கடல் முன்னாலையோ, பின்னாலையோ?"

"முன்னால ஐயா. றோட்டால தானே வந்தனாங்கள்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. "எங்கட காலத்தில அங்கை ஏது றோட்டு? நாங்கள் கடலால வீட்டை வாற ஆக்கள், தம்பி. தண்ணிக்கை இறங்கிக் கரையைப் பாத்து நில்லுங்கோ. அப்ப வாறதுதான் வலக்கை."

ஜனார்த்தனன் சப்பாத்தைக் கழற்றினான். கந்தோர்க் காற்சட்டையோடு முழங்கால் தண்ணீர்வரை போய்த் திரும்பி நின்றான். பனை அதே பனைதான். வலக்கை மட்டும் மற்றப் பக்கம் போய்விட்டிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகப் போயிற்றே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

முக்கால் மணித்தியாலத்தில் கிணறு அகப்பட்டது. தாழம்பற்றைக்குள், முருகைக்கல் வட்டம் ஒரு கல்லும் சரியாமல் இருந்தது. பத்மாசனி கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். கல்லை ஒவ்வொன்றாகத் தடவினார். அதை அடுக்கிய கணவரின் இருபத்தெட்டு வயதுக் கையை அவர் கண்டதில்லை, இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறார். ஜனார்த்தனனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தான். உப்பு அளக்கிற கருவியை அதில் வைத்தான்.

கருவி காட்டிய அளவு குடிக்கக்கூடிய அளவைப்போல நாலு மடங்கு. இன்னொரு தடவை வைத்தான், அதே அளவுதான்.

பத்மாசனி அவன் முகத்தைப் பார்த்தார். போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். கிணறு அகப்பட்டதும் மறுபடி எடுத்த போனில் சிற்றம்பலம் காத்திருந்தார். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகப் போட்டிருந்தது.

"இஞ்சரும், தண்ணி எப்பிடி?"

"இளநிதான்," என்றார் பத்மாசனி. "நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கு."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சுனாமியோடை உப்பாகியிருக்கும் போலை. நீங்கள் உள்ளதை எழுதுங்கோ தம்பி. பொய் எழுதச் சொல்லி நான் கேக்க மாட்டன். அவருக்கு மட்டும் சொல்லாதேங்கோ. அந்த மனிசன் தாங்காது."

அடையாளம் கிடைத்துவிட்டது, தண்ணீர் கைவிட்டுவிட்டது. அப்படியென்றால் சிவப்பு. மூன்று நாள் முள்ளில் கிழிபட்டது இதற்குத்தானா?

"போனைத் தம்பியிட்டைக் குடும்," என்றது குரல். அவன் வாங்கினான். "சத்தமாப் போட்டிருக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, கொஞ்சம் தள்ளிப் போங்கோ."

அவன் பனையடிவரை நடந்தான். "சொல்லுங்கோ ஐயா."

"அந்தக் கிணறு தோண்டின நாளிலை இருந்து உவர், தம்பி. குளிக்கத்தான் பாவிச்சனாங்கள். குடிதண்ணி பிள்ளையார் கோயில் கிணத்தில அள்ளுறது. இளநி எண்டது நான் விட்ட புளுகு. முகாமில அவாவைக் கலியாணம் கேக்கேக்கை என்னட்டை உடுத்திருந்த ஒரு சாரமும் ஒரு சேட்டும்தான். வேறை எதைச் சொல்லிப் பொம்பிளை கேக்கிறது?"

ஜனார்த்தனன் அவசரமாக வரைபடத்தைப் பிரித்தான். முனைக்கு வடக்கே, இடிந்த மண்டபத்தோடு ஒரு கிணறு. பக்கத்துத் துண்டுக்காகப் போன கிழமை அவனே அளந்து, நல்ல தண்ணீர் என்று அவனே குறித்திருந்தான். இந்தக் கிணற்றிலிருந்து தூரம் நானூற்றுப் பத்து மீற்றர். பிழையான வலக்கைப் பக்கத்திலிருந்து எண்ணியதால் இவ்வளவு நாளும் அது அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் போயிருந்தது.

"ஐயா, அந்தக் கோயில் கிணறு இன்னும் நல்லாக் கிடக்கு. சட்டத்துக்கு அது காணும். மஞ்சள் அடிக்கிறன். வீட்டை மட்டும் பனைக்குப் பின்னால மேட்டில கட்டவேணும். மிச்சம் பிரதேச செயலகத்தின்ர கையில. ஆனா சிவப்பு விழாது."

"அப்ப நான் வரலாமோ?"

"வரலாம் ஐயா."

மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. கிழவர் அழுகிறார் என்று தெரிந்தது. அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தம்பி, இதை அவாக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்காக முதல்முதலாப் பொய் சொன்னவா. நான் நம்பிட்டன் எண்டே சொல்லுங்கோ."

பத்தொன்பது வருச வேலையில் ஒரு இலக்கத்தைக்கூடப் பொய்யாக எழுதாதவன் ஜனார்த்தனன். திரும்பி வந்து கோயில் கிணற்றைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் பத்மாசனிக்குச் சொன்னான். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லக் கையை எடுத்தார்.

"தண்ணியைப் பற்றி அவர் என்னவாம்?"

"நம்பிட்டார், அம்மா."

"பாவம் மனிசன்," என்றார் பத்மாசனி, அழுகையும் பெருமையுமாக. "அந்த நாளிலை இருந்து இப்பிடித்தான். நான் என்ன சொன்னாலும் நம்பும்."

"ஓம் அம்மா," என்றான் ஜனார்த்தனன்.