ஜாப் ஒர்க்குக்குப் போன பிளேஸ்டேஷன்

தமிழ்மதி மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வராமல் இருந்தாள். அண்ணன் அருள்குமாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

விஷயம் ஒரு பிளேஸ்டேஷன், டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் மெஷின். பெருமாநல்லூரில் அவள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் துணி பார்க்க வந்து தங்கியிருந்த அமெரிக்கக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அவர் விட்டுச்சென்ற ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் ஆபீஸே அடித்துக்கொள்ள, இவள் மட்டும் இதைக் கேட்டு வாங்கினாள். கூட வந்த டிஸ்க்கையெல்லாம் ஆடி முடித்தாயிற்று. திருப்பூரில் விற்கும் டிஸ்க்கைப் போட்டால் திரை சிவந்து நின்றுவிடுகிறது. அமெரிக்க மெஷின் அமெரிக்க டிஸ்க்கைத்தான் படிக்கும். அப்படிப் பூட்டுப் போட்டுத்தான் விற்கிறார்கள்.

பூட்டைத் திறக்க இரண்டு வழி. மெமரி கார்டில் ஒரு புரோகிராமை ஏற்றிச் செருகலாம். மெஷினைத் திறக்கவே வேண்டாம். ஆனால் எல்லா டிஸ்க்கும் ஓடாது, ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போர்டில் ஒரு சிப்பை வைத்து, தலைமுடி கனமே உள்ள வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சரியாக அமைந்தால் எந்த ஊர் டிஸ்க்கும் ஓடும். ஈயம் பக்கத்துக் கம்பிக்காலில் ஒழுகினால் மெஷின் செத்தது.

கார்டுதான் புத்திசாலித்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சிப்பை வாங்கி பீரோவில் வைத்திருந்தாள். அவள் பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். படித்து முடித்ததும் கிடைத்த வேலை, பட்டன் நிறம் சரியா என்று பார்த்து மெயில் அனுப்புவது. சால்டரிங் அயர்னைக் கடைசியாகப் பிடித்தது பிராக்டிகல் பரீட்சையில். சிப்பைத் தன் கையால் வைக்க வேண்டும். கை மறந்திருந்தால்? அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளப் பயந்துதான் தினமும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்ததையே படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா யோசிக்கற? இந்நேரத்துக்கு நானு ரெண்டு லாட்டு பனியன் ஏத்திவிட்டிருப்பன்" என்பான் அருள்குமார். பத்தாவதோடு நின்று, பனியன் கம்பெனிக்குப் போய், இப்போது சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருந்தான்.

"நீங்க ஏத்துன லாட்டுல பாதி திரும்பி வந்துச்சுங்ளே, அதையுஞ் சேத்திச் சொல்லுங்க" என்பாள் இவள்.

ஒரு சனிக்கிழமை வேலை விட்டு வந்து பார்த்தால் டிவிக்குக் கீழே மெஷின் இல்லை. பீரோவில் சிப்பும் இல்லை.

"குடுத்தாச்சு கண்ணு" என்றான் அண்ணன், பெரிய உபகாரம் செய்த முகத்தோடு. "நம்ம மெக்கானிக் கிட்டுசாமி கழட்டிக் குடுத்துட்டாரு. போர்டும் சிப்பும் ரிப்பேர் கடை சசிகுமார்கிட்ட. டிஸ்க் சுத்தற பாகத்த முதலிபாளையத்துக்கு லென்ஸ் தொடைக்க அனுப்பிருக்கறன். திங்கக்கெழம எல்லாஞ் சேந்து வந்துரும்."

இந்த ஊரில் யாரும் ஒரு பனியனை முழுசாகச் செய்வதில்லை. நூலைத் துணியாக ஓட்ட ஒருவர், சாயம் போட ஒருவர், வெட்ட, தைக்க, தேய்க்க என்று ஆளுக்கொரு வேலை; அதற்கு ஜாப் ஒர்க் என்று பேர். டெம்போக்கள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். அதே பழக்கத்தில் தங்கச்சி மெஷினையும் பிரித்து ஜாப் ஒர்க்குக்கு விட்டுவிட்டான்.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உனக்குப் பயமாருக்குன்னுதான..."

"பயந்தா நான் பயந்துட்டுப் போறன். உங்களுக்கென்ன வந்துது?"

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஞாயிறு காலையில், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்க, அண்ணன் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

முதலிபாளையத்தில் டிஸ்க் சுற்றும் டிரைவ் கிடைத்தது. தையல் மெஷின் மெக்கானிக் கிட்டுசாமி, மேல்மூடியையும் அடிமூடியையும் பாலிபேக்கில் போட்டு, பேக்கிங்குக்குப் போகும் பனியன் மாதிரி வாயை மடித்து ஒட்டியே வைத்திருந்தார். "ஸ்க்ரூவெல்லாம் உள்ளயே இருக்குதுங்க. ஒண்ணு மட்டும் எங்கியோ உருண்டுருச்சு" என்றார். தமிழ்மதி அவரை முறைத்தாள். அவர் அருள்குமாரிடம், "தங்கச்சிங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

எம்பிராய்டரி மெஷின் போர்டுகளை ரிப்பேர் செய்யும் சசிகுமாரின் கடையில், பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் அவள் போர்டு கிடந்தது. சிப் இன்னும் கவரில்தான் இருந்தது.

"இன்னும் தொடலீங்க. நாளைக்குத்தான டெலிவரி" என்றான் சசிகுமார்.

அவள் குனிந்து போர்டைப் பார்த்தாள். படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான இடங்கள். திறக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியை அண்ணன்தான் தீர்த்துவைத்துவிட்டானே. மிச்சம் அவள் கை மட்டும்தான்.

"உங்க டேபிளு மட்டும் குடுங்க. நானே பண்ணிக்கறன்."

சசிகுமார் அருள்குமாரைப் பார்த்தான்.

"அங்க என்னத்தப் பாக்கறீங்க? படிச்சது நானு."

முதல் வயரிலேயே கை தப்பியது. ஈயம் உருண்டு பக்கத்துக் காலைப் பிடித்துக்கொண்டது. உதவ வந்த சசிகுமாரின் கையை முழங்கையால் தள்ளிவிட்டு, செம்புத் திரியை வைத்துச் சூடு காட்டி அந்த ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். மறுபடி வைத்தாள். இந்த முறை நின்றது. அடுத்ததும் நின்றது. அப்புறம் பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. நடுவில் கரண்ட் போனபோதும் எழுந்திருக்காமல், கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"காலேஜில இதெல்லாஞ் சொல்லித் தராங்ளா?" என்றான் சசிகுமார்.

"சொல்லித் தந்தாங்க. வேலதான் ஆரும் தரல."

கடைசி வயர் முடிந்ததும் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அருள்குமார் பக்கத்தில் வந்து நின்றான். "நான் கேட்டுருக்கோணும்" என்றான் மெதுவாக.

"கேட்டுருந்தா வேண்டாம்னிருப்பன்" என்றாள், தலை நிமிராமலேயே.

மதியம் வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பூட்டி, உள்ளூர் டிஸ்க்கைப் போட்டாள். திரை சிவக்கவில்லை. ரேஸ் கார்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை.

அம்மா சின்னாத்தாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கா காலைலருந்து ஊரு சுத்துனீங்க? கலரே இல்லியே."

"அது ஒண்ணுமில்லீங்மா. நம்மூரு டிஸ்க்குக்கும் அந்தூரு மெஷினுக்கும் கலர் அனுப்பற விதம் வேற. செட்டிங்ல மாத்தணும்."

"மாத்திப்போடு, கண்ணு."

"நாளைக்கு மாத்திக்கலாம்" என்றாள் தமிழ்மதி. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள். கையைத் துடைத்துவிட்டு வெள்ளைக் காரைத் தேர்ந்தெடுத்தாள். அது வெள்ளைதானா என்பது நாளைக்குத்தான் தெரியும்.