செப்புத் தகடு அடித்த போட்

சொக்குவுக்கு எது பிடித்தாலும் அதை அவன் அண்ணன் முத்து எடுத்துக்கொள்வான். சின்ன வயதில் மீன் தலை, பிறகு சைக்கிள், பிறகு ஆனந்தி. ஆனந்தியைப் பெண் கேட்டுத் தரச் சொல்லி சொக்கு அண்ணனைத்தான் அனுப்பினான். முத்து போய்த் தனக்குக் கேட்டுவிட்டு வந்தான். ஜிந்துப்பிட்டிக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியவன் சொக்கு.

இப்போது போட். அப்பாவின் பழைய போட்டை விற்று, ஆளுக்கொன்று வாங்கிப் பிரிந்துகொள்வதாகப் பேச்சு. முகத்துவாரத்தில் மஷூர் நானாவின் பட்டறையில் இரண்டு அலுமினியப் போட் கிடந்தன. உடப்பு ஊரில் ஒருவர் வைத்திருந்தவை. ஒரே நீளம், ஒரே பச்சைப் பெயின்ட். ஒன்றில் மட்டும் முன்பக்கத்தின் உள்ளே, வேல் கீறிய செப்புத் தகடு அறைந்திருந்தது.

சொக்கு முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்தான். மஷூர் தகட்டின் ஓரத்தை ஆணியால் கிளறிக் காட்டினார். வெள்ளை மாவு உதிர்ந்தது.

“மரப் போட்டுக்கு இத அடிச்சா ஒண்ணுமில்ல. அலுமினியத்த உப்புத் தண்ணியில செம்பு தின்னுடும் தம்பி. அடியில பெயின்ட் மட்டும்தான் ஈக்குது. இத எடுக்க வாணாம்.”

“அப்ப ஏன் நானா விக்கிறீங்க?”

“வாங்குறவனுக்கு செல்லித்தான் விப்பேன்.”

மறுநாள் முத்துவும் வந்தான். சொக்கு மற்றப் போட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“என்னா, முருகன் கூப்பிடுறாரா?” என்றான் முத்து.

“எனக்கு இது போதும்ணே. மத்தது ஒனக்கு.”

“ஏன், மூத்தவனுக்குச் சாமி வேணாமா?”

“நான்தானே முதல்ல பாத்தேன்.”

“ஆனந்தியையும் நீதான் முதல்ல பாத்த.”

முத்து சிரித்தான். மஷூர் சொக்குவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முத்துவிடம் வந்தார்.

“முத்து, அது கடலுக்கு ஆகாது. அந்தத் தகடு...”

“நானாவுக்கு எங்க சாமி ஒத்துக்காதே. இவனுக்கு எடுத்து வச்சிருக்கீங்க, அதானே?”

முத்து தகடு அடித்த போட்டுக்கே காசை எண்ணிக் கொடுத்தான்; மற்றது சொக்குவுக்கு வந்தது. சொக்கு முகத்தைத் தொங்கப்போட்டான். பழகிய முகம்தான், கஷ்டப்படவில்லை.

அதன்பிறகு சொக்கு தினமும் அண்ணனின் போட் கண்ணில் படும் தூரத்திலேயே வலை போட்டான். ஒரு காலை, துறைமுகச் சுவருக்கு வெளியே, அலை முத்துவின் போட்டைத் தூக்கி அடித்தது. முன்பக்கம் தகட்டோடு பிய்ந்து போனது. சொக்கு கிட்டே வந்து எஞ்சினை நிறுத்தினான்.

“கயிறப் போடுடா.” முத்து வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

சொக்கு ஒரு பீடி பற்றவைத்தான்.

“காது கேக்கலையா?”

“சாமி இருக்காரேண்ணே.”

போட் மூக்குக் குத்தி இறங்கியது. முத்து வெறும் பெட்ரோல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தான். முதலில் கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு கேன் வழுக்கத் தொடங்கியது.

“தம்பி.”

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து சொக்கு கேட்டதில்லை.

“தம்பி, ஒன் கால்ல விழுறேன். தூக்குடா.”

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னான். தண்ணீர் வாய்க்குள் போகப் போக, கேட்காமலே திரும்பவும் சொன்னான். தனக்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது என்று சொக்குவுக்குத் தோன்றியது. பீடியை எறிந்துவிட்டுக் கை கொடுத்தான்.

முத்து போட்டுக்குள் விழுந்து கடல்தண்ணீரைக் கக்கினான். நடுக்கம் நின்றதும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் வந்து எஞ்சின் பிடியில் கை வைத்தான்.

“தள்ளு.”

“இது என் போட்.”

“வீட்டுல ஒரு போட்தான் இருக்குன்னா அது மூத்தவனோடது. தள்ளுடா.”

சொக்கு தள்ளி உட்கார்ந்தான். முத்து கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

“நல்ல போட்,” என்றான்.