நாற்பது நிமிடம் பின்னால் வரும் சத்தம்

அப்போதெல்லாம் மேனாம்பேடு பூபாலனின் கார் மாலை ஐந்தே முக்காலுக்கு வீடு வந்து சேரும். அதன் சத்தம் ஆறு இருபத்தைந்துக்கு வரும். கார் ஓசையே இல்லாமல் தெருவுக்குள் திரும்பி, கேட்டுக்குள் நுழைந்து நின்றுவிடும். பூபாலன் இறங்கிக் கைகால் கழுவி, லுங்கிக்கு மாறி, காபி குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அதே தெருமுனையில் ஆளில்லாத, வண்டியில்லாத ஒரு இஞ்சின் சத்தம் திரும்பி, ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கி, கேட்டுக்குள் நுழைந்து அணையும். தெருவில் கிரிக்கெட் ஆடுபவர்கள் ஸ்டம்பாக வைத்த செங்கற்களை மாலையில் இரண்டு முறை எடுத்து வைத்தார்கள், காருக்கு ஒரு முறை, சத்தத்துக்கு ஒரு முறை. நாய்கள் ஒரு வாரம் துரத்தின. கடிக்க ஒன்றும் அகப்படாததால் விட்டுவிட்டன. ஹாரன் மட்டும் காரோடேயே வந்தது, ஏனென்றால் ஹாரனுக்கும் சைலன்சருக்கும் சம்பந்தமில்லை. ஒரு மாதம் ஊரே இதைப் பற்றிப் பேசியது. பிறகு சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை யாரும் மூடாத விஷயம் வந்து, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

பூபாலன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடமாக லேத்தில் நிற்பவர். அத்தனை வருடம் இரும்பு சீவும் சத்தத்துக்குள் நின்றதால், மற்றவர்களுக்குச் சத்தமாகப்படுவது அவருக்கு யாரோ குசுகுசுப்பது போல இருக்கும். அதனால்தான், இரண்டாம் கையாக வாங்கிய அந்தக் காரின் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானபோது, வாய் அகலமான புதுசு ஒன்றைப் பார்த்ததும் பிடித்துப்போய் மாட்டிக்கொண்டார். வண்டி நல்லா பேசுது என்று மனைவி சொர்ணத்திடம் சொன்னார். பேசுது சரி, யார் கூட சண்டை போடுது என்று சொர்ணம் கேட்டாள்.

சண்டை பொங்கலன்று வந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஷர்மிளா கல்யாணமாகி வேலப்பன்சாவடியில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருந்தாள். அவளுடைய மகன் பிரசன்னா பிறந்து அப்போது மூன்று மாதம். வயிற்று வலியால் மூன்று நாள் தூங்காத குழந்தை அன்றைக்குக் காலையில்தான் கண் மூடியிருந்தது. ஜன்னலில் கரும்பை நீட்டிக்கொண்டு பூபாலன் கட்டடத்துக்கு அடியில் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, தன் வழக்கப்படி ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்தார். ஷர்மிளா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அது அவர் வந்துவிட்டதற்கு அடையாளம். அப்போது ஸ்கூட்டர், இப்போது கார், அவ்வளவுதான் வித்தியாசம். பிரசன்னா விழித்துக்கொண்டான். அவனோடு அந்தக் கட்டடத்திலிருந்த பதினொரு குழந்தைகளும் விழித்து, ஒரே ராகத்தில் அழுதன. ஷர்மிளா பால்கனியிலிருந்து, அத்தனை வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தினாள்.

“மொதல்ல அந்த வண்டிய எடுத்துக்கினு போ நைனா!”

பூபாலன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கரும்பையும் இறக்கவில்லை. வழியில் ஒரு மாடு அதில் பாதியைத் தின்றது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவர் வேலப்பன்சாவடி பக்கமே போகவில்லை. சொர்ணம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள்.

“அவ வண்டியத்தான போவச் சொன்னா, ஒன்னையா சொன்னா?” என்று போய்வரும்போதெல்லாம் கேட்டாள்.

“வண்டி தானா போவுமா?” என்று பூபாலனும் ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

பதினைந்தாவது மாதம், யாரும் எதுவும் சொல்லாமலே, அவர் சத்தம் குறைந்த சைலன்சர் தேட ஆரம்பித்தார். மூன்று சனிக்கிழமை அலைந்தார். ஒரு கடையில் காட்டியது எருமை தும்முவது போல இருந்தது. இன்னொன்று விசில் அடித்தது. பாடிப் பக்கம் ஒருவன் மாட்டிக் காட்டியது நிஜமாகவே சத்தமில்லாமல் இருந்தது, ஆனால் வண்டி மேம்பாலம் ஏற மறுத்தது. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு சந்தில் மதுரைவீரன் என்பவரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மதுரைவீரன் வண்டியை முறுக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அணைத்தார்.

“எவ்ளோ சத்தம் வோணும் அண்ணாத்தே?”

“கொயந்த முயிச்சிக்கக் கூடாது.”

“யாரு கொயந்த?”

“பொதுவா சொன்னேன்.”

மதுரைவீரன் உள்ளே போய், கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத, சுரைக்காய் மாதிரி நீண்ட ஒன்றை எடுத்துவந்தார். “இது சத்தத்த கொறைக்காது. புடிச்சி வெச்சிக்கினு அப்பால வுடும்” என்றார். அப்பாலன்னா எப்போ என்று பூபாலன் கேட்டதற்கு, அது வண்டியைப் பொறுத்தது என்றார். எல்லா வியாபாரியும் ஏதாவது சொல்வான் என்று நினைத்து பூபாலன் மாட்டச் சொன்னார். இஞ்சினை முடுக்கியபோது டாஷ்போர்டு பொம்மை தலையாட்டியதே தவிர ஒரு சத்தமும் இல்லை. பட்டறையிலிருந்து அவர் கிளம்பி நாற்பது நிமிடம் கழித்து, வண்டி நின்ற இடத்தில் அதை முடுக்கும் சத்தம் கேட்டபோது, மதுரைவீரன் தலை நிமிராமல் அடுத்த வண்டிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து ஆவடியிலிருந்து கிளம்பிய பூபாலன் வீட்டுக்கு வராமல் வேலப்பன்சாவடிக்குப் போனார். கை தானாகத் திருப்பிவிட்டது என்று பின்னால் சொன்னார். அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்ய வேண்டும். நாலு ஐம்பதுக்கு மகள் வீட்டுக்கு எதிரே மருந்துக் கடை ஓரமாக நிறுத்தினார். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துக்கொண்டார். இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் வந்ததாக ஆகிவிடும். அணைக்காமல் நின்றால் சும்மா அந்தப் பக்கம் போனதாகத்தான் அர்த்தம். அந்த நேரத்தில் ஷர்மிளா வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்திலிருந்து திரும்பியிருக்க மாட்டாள், குழந்தை காப்பகத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பார்த்தது பால்கனிக் கொடியை. அதில் சின்னச் சட்டைகள் காய்ந்தன. பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாளும் போனார். ஆறு மாதத்தில் கொடியிலிருந்த சட்டைகள் நான்கு விரற்கடை வளர்ந்தன. ஒரு நாள் முதன்முதலாக ஒரு கால்சட்டையும் காய்ந்தது. அன்றைக்கு அவர் பதினைந்து நிமிடம் நின்றார்.

ஐந்தரை மணிக்கு அவருடைய சத்தம் அங்கே வந்து சேரும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தன் வீட்டுக்கு நாற்பது நிமிடம் கழித்து வரும் சத்தம் வழியில் எங்கெல்லாம் நின்றுவிட்டு வந்திருக்கும் என்பது லேத்தில் நூலிழைக் கணக்குப் பார்க்கும் மனிதருக்குத் தெரியாதா என்றால், தெரியாமல் இருப்பது சில சமயம் வசதி. ஷர்மிளா முதல் நாளே அந்த இரண்டு முறுக்கலைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியோடு பால்கனிக்கு ஓடிவந்தாள். கீழே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி இல்லை. அவள் கணவன் கார்த்திகேசன், தென்காசிக்காரன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், போனை நீட்டிச் சத்தத்தை அளந்து, “அறுபத்திரெண்டு டெசிபல். தொந்தரவு இல்ல. மாமா வண்டிதான், மாமாவத்தான் காணோம்” என்றான். அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். சொர்ணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

“ஒங்கப்பன் மொதல்ல வராரு, சத்தம் அப்பால வருது. நீ போயி நின்னா வண்டிய எடுத்துக்கினு ஓடிடுவாரு. இப்போதிக்கி இப்டியே வுடு.”

ஷர்மிளா அப்படியே விட்டாள். ஆனால் ஐந்தரைக்குச் சத்தம் வந்ததும் பிரசன்னாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து, அதன் பக்கத்தில் போய் நிற்பாள். அப்பாவிடம் பேசினால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். சத்தத்தால் போக முடியாது, அவர் நின்ற அளவு நேரம் அது நின்றே ஆக வேண்டும். முதல் வாரம் திட்டினாள். அடுத்த வாரம் கடவாய்ப் பல் முளைத்த விஷயம் சொன்னாள். பிறகு அலுவலகத்தில் நடந்தது, மாமியாரின் முட்டி வலி, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது என்று எல்லாமே சொன்னாள். மருந்துக் கடைக்காரர் ஐந்தரையிலிருந்து கால் மணி நேரம் அந்த இடத்தில் யாரையும் பைக் நிறுத்த விடவில்லை. ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் மட்டும், ஊருக்குப் புதியவர், அது கிளம்பிப் போகும்போது கையை நீட்டி மறித்தார். சத்தம் அவரைக் கடந்து போயிற்று. அவர் நீட்டிய கையாலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் ஒரு லாரி நின்றுபோய், பூபாலனால் காரை மருந்துக் கடை ஓரத்திலிருந்து நகர்த்த முடியவில்லை. ஒரு வேலையாள் வராததால் முந்தின நாளிலிருந்து இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். ஏ.சி.யின் குளிர்ச்சியில் இஞ்சின் ஓடியபடியே தூங்கிவிட்டார். ஷர்மிளா குழந்தைக்கும் தனக்கும் சேர்த்து மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வந்தபோது, வரிசையாக நின்ற வண்டிகளில் எது யாருடையது என்று பார்க்கவில்லை.

ஐந்தரைக்குச் சத்தம் வந்து, கார் நின்ற இடத்திலேயே, காருக்குள்ளேயே நின்று, இரண்டு முறை முறுக்கியது. பூபாலன் திடுக்கிட்டு விழித்தார். மாட்டிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் தன் சைலன்சரின் சத்தத்தை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேட்டார். மோசமில்லை என்று நினைத்தார். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருந்தது. வெளியே குடை ஒன்று வந்து நின்றது. குடைக்குள்ளிருந்து அவர் மகளின் குரல் வந்தது. பார்த்துப் பேசுகிற குரல் அல்ல, பழகிய ஒன்றிடம் தன் பாட்டுக்குப் பேசுகிற குரல்.

“இந்த மழையிலயும் வந்துட்டியா நைனா? இவன் இன்னிக்கி இன்னா பண்ணான் தெர்யுமா? காப்பகத்துல ஜெனரேட்டர் ஓடிச்சாம், அதுகிட்ட போயி தாத்தா தாத்தான்னு நின்னானாம். எல்லாம் சிரிக்கிறாங்க. எனக்கு சிரிப்பு வர்ல. ஒம் மூஞ்சி தெர்லியே அவனுக்கு. சத்தந்தான தெர்யுது.”

பூபாலனின் காதுக்கு மற்றவர்கள் பேச்செல்லாம் எப்போதும் பாதிதான் விழும். இது முழுதாக விழுந்தது. பிறகு கண்ணாடியை இறக்கினார். ஷர்மிளா குடையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள்.

“சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்றார் பூபாலன்.

“ஆறு மாசமா இந்தப் பக்கமாத்தான் வந்துகினு கீறே.” அவள் உதடு கோணியது. “எறங்கு நைனா. வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கு.”

பிரசன்னா ஜன்னலுக்குள் தெரிந்த நரைமீசையைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அலறினான். பூபாலன் பதறிப்போய், வேறொன்றும் தோன்றாமல், ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்தார். அது இப்போது கேட்காது என்பது மிதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அணைந்த கார் பின்னால் உறுமிக்கொண்டே இருந்தது. மருந்துக் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓ, நீங்கதானா என்றார்.

மேலே போய், துண்டு கொடுத்து, டீ கொடுத்து, கார்த்திகேசன் சோபாவில் துணிகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்த பிறகும் பிரசன்னா அழுதுகொண்டே இருந்தான். கிலுகிலுப்பைக்கும் நிற்கவில்லை, பிஸ்கட்டுக்கும் நிற்கவில்லை. பூபாலன் டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு இருபதுக்குக் கீழேயிருந்து அவர் மிதித்த இரண்டு முறுக்கல் வந்தது. பிரசன்னா அழுகையை நிறுத்தி, கீழே ஒரு தடவை, இந்த மீசைக்காரரை ஒரு தடவை பார்த்தான். பூபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயாலேயே, கொஞ்சம் மெதுவாக, இரண்டு தடவை உறுமிக் காட்டினார். பிரசன்னா மெல்ல நடந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷர்மிளா ஏதோ வேலை இருப்பது போலச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மதுரைவீரன் வேறு சைலன்சர் மாட்டித் தருவதாகத்தான் சொன்னார். பூபாலன் யோசிக்காமலே வேண்டாம் என்றார். இப்போதும் கார் ஓசையில்லாமல் வந்து நிற்கிறது, அவர் மேலே போகிறார். கல்லூரியில் கேட்டு ஷர்மிளா நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டதால் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். ஐந்தரைக்குக் கீழே சத்தம் வந்து இரண்டு முறை முறுக்கும்போது, பிரசன்னா பூபாலனின் மடியிலிருந்து குதித்து இறங்கி, தாத்தா வந்துட்டாரு என்று கத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறான். யாரும் அவனைத் திருத்துவதில்லை. பூபாலனும் எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்று, வந்திருப்பது யார் என்று எட்டிப் பார்க்கிறார்.