சாம்பல் குதிரை நின்ற இடம்

கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிற அவளுக்குக் கேமரா என்றால் உயிர். மலையேறும்போது சேணத்தில் இடிபடக் கூடாதென்று அதைத் துண்டில் சுற்றி, வாரை மார்புக்குக் குறுக்கே இறுக்கி, மேலே மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டாள்.

"கைப்பிள்ளை மாதிரி கட்டிக்கிட்டீங்களே," என்ற குதிரைக்காரர், பழுப்புக் குதிரையைத் தனக்கு வைத்துக்கொண்டு சாம்பல் குதிரையை அவளுக்கு அவிழ்த்துவிட்டார். "கேமராக்காரங்களுக்கு இவதான் சரி. இடம் பாத்து நிப்பா."

சொன்னபடியே அருவி தெரிகிற திருப்பத்தில் அது தானாக நின்று, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது. அவள் ஒரு படம் எடுத்தாள். க்ளிக் சத்தம் கேட்ட பிறகே நடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"யாருண்ணே பழக்கினது?"

"என் தம்பி. அவனுக்கும் இந்தக் கிறுக்குதான்," என்றார், திரும்பாமல்.

மேலே போகப் போகப் பனிமூட்டம் இறங்கியது. கேமரா நனைந்துவிடுமே என்று கோட்டை இழுத்து மூடினாள். அப்போது குதிரை பாதை விளிம்பில் நின்று, பள்ளத்தைப் பார்த்துக் காதுகளை விறைத்தது. கீழே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. குதிகாலால் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. குதிரைக்காரரும் நின்றிருந்தார். ஆனால் கிட்டே வரவில்லை.

"ஒண்ணு எடுத்துடும்மா. இல்லன்னா நகர மாட்டா."

துண்டை விலக்கி, பனியைப் பார்த்து அழுத்தினாள். க்ளிக்.

குதிரை அப்போதும் நகரவில்லை. எதற்கோ காத்திருந்தது.

பிறகு, பள்ளத்துக்குள்ளிருந்து இன்னொரு க்ளிக் தெளிவாகக் கேட்டது.

குதிரை மெல்லக் கனைத்துவிட்டு நடையைக் கட்டியது. பாறையில் பட்டு வந்த எதிரொலி என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். எதிரொலி அவ்வளவு நேரம் கழித்தா வரும்?

"அண்ணே, உங்க தம்பி இப்ப எங்க?"

"போன மழைக்காலத்துல குதிரை மட்டும் திரும்பி வந்துச்சு." அவர் தயங்கினார். "எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லம்மா. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கிட்டத்துலயா, தூரத்துலயா?"

"கிட்டத்துலதான்."

"முன்னாடி வந்த கேமராக்காரரு தூரத்துலன்னு சொன்னாரு."

அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்ததுதான் அவளை உலுக்கியது. இறங்கும்போது பழுப்புக் குதிரையைக் கேட்டு வாங்கி ஏறிக்கொண்டாள். அவரோ மறுபேச்சில்லாமல் சாம்பல் குதிரையில் ஏறி, பள்ளத்தின் பக்கம் காதைக் கொடுத்தபடி அதன் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார்.