நிதானக்காவின் அலமாரி

தடால்!

படுக்கையறையில் எழுந்த சத்தத்தில் சமையலறைத் தட்டுகள்கூட ஒருமுறை நடுங்கி அடங்கின. குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்த நிதானக்கா, கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள்.

அலமாரியின் குறுக்குக் கம்பி இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தது. அதில் தொங்கிய உடைகள் கட்டிலில் பாதி, தரையில் பாதியாக மலைபோல் சரிந்து கிடந்தன. மலையின் நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஆடியது. அந்தக் கையில் ஒற்றை சாக்ஸ்.

"உயிரோடதான் இருக்கேன்" என்றது மலை. "ஒரு சாக்ஸ் எடுக்க வந்ததுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

கணவர் மெல்லத் தலையை வெளியே நீட்டினார். தோளில் ஒரு பட்டுச் சால்வை, தலையில் ஒரு பாவாடை. அந்தக் கோலத்திலும் அவருக்குக் குறும்பு போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பெண் குரலில் இழுத்தார். "எடை அதிகமாக உள்ளது. தயவுசெய்து சிலர் வெளியேறவும்."

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா?"

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஒலிக்கும் அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை, சாட்சாத் நிதானக்காவுடையதேதான். வானொலியில் பேசுகிற பெண் ஒருத்தி தேவை என்று அவருடைய கம்பெனி தேடியபோது வந்து பதிவு செய்துகொடுத்தாள். குரலைப் பொருத்தப் போனவர் மனதையும் அங்கேயே பொருத்திவிட்டு வந்தார். இன்றைக்கும் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டால் நேரே போய் லிஃப்டில் ஏறி நின்றுகொள்வார். மனைவி தன்னிடம் மரியாதையாகப் பேசும் ஒரே இடம் அதுதான் என்பார்.

ஊருக்கு அவள் நிதானக்கா. தினமும் காலையில் அவள் நடத்தும் 'மெல்ல மெல்ல' நிகழ்ச்சியைக் கேட்ட பிறகுதான் பலருக்குப் பொழுதே விடியும். "கண்ணை மூடுங்க. மூச்சை இழுங்க. உங்க அலமாரியைத் திறங்க. போன வருஷம் முழுக்க நீங்க தொடாத உடை எது? அதுக்கு விடை கொடுங்க. நாள் முழுக்க உழைச்ச பாதத்துக்கு ராத்திரி கொஞ்சம் எண்ணெய் தடவுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, மூட்டை மூட்டையாகத் துணிகள் வீடுகளை விட்டு வெளியேறின. சொல்கிறவளோ டீயை நின்றபடி குடித்து, ரொட்டியை லிஃப்டில் தின்று, செருப்பை வாசலில் தேடி ஓடுகிற ரகம். பாதத்துக்கு எண்ணெய் தடவுவது இருக்கட்டும், பாதம் இருக்கிற ஞாபகமே செருப்பு கடிக்கும்போதுதான் வரும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பேச்சு வேகத்தில், "என் அலமாரியில ஏழே ஏழு உடைதான் இருக்கு" என்று ஒலிபரப்பில் சொல்லிவிட்டாள். வில்லங்கம் அங்கேதான் பிடித்தது. நிகழ்ச்சியை வீடியோவாக எடுக்கலாம் என்று நிலையத்தில் யோசனை வந்ததும், தயாரிப்பாளர் குதித்தார். "முதல் காட்சியே உங்க அலமாரிதான் மேடம்! மேலிடம் இதைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணப்போகுது. சரியா வரலைன்னா நிகழ்ச்சிக்கே மூடுவிழாதான்."

அந்தப் படப்பிடிப்பு இன்றைக்கு. இன்னும் சற்று நேரத்தில் கேமராவோடு வந்துவிடுவார்கள்.

"கட்டிலுக்கு அடியில தள்ளிடலாமா?" என்றாள்.

கணவர் குனிந்து பார்த்தார். "அங்கே ஏற்கெனவே ஹவுஸ்ஃபுல்."

"வாஷிங் மெஷின்?"

"அதுலயும் குடியிருக்காங்க."

நிதானக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என்னை நம்பித்தானேங்க அவ்வளவு பேரும் துணியைத் தூக்கிக் கொடுத்தாங்க? இதைப் பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?"

குரல் உடைந்ததும் கணவரின் கிண்டல் சட்டென்று நின்றது. சட்டைப் பையைத் தடவினார். லிஃப்ட் சாவி இருந்தது.

"கட்டிலும் வேணாம், மெஷினும் வேணாம். யார் கண்ணுக்கும் படாத ரூம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. எழுந்திரு."

திட்டம் இதுதான். எல்லாவற்றையும் லிஃப்டில் அடைத்து, தங்கள் வீடு இருக்கும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நிறுத்திவிடுவது. கீழே 'பழுது' என்று பலகையை மாட்டிவிட்டால், தேடினாலும் யாருக்கும் கிடைக்காது. இருவரும் கை நிறைய அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

"இதுல விலைச் சீட்டுகூடக் கிழிக்கல" என்றார் கணவர், ஒரு நீலப் புடவையைத் தூக்கிப் பிடித்து. "இந்தச் சிவப்பு கவுன்லயும் அப்படியே இருக்கு. ஒரு தடவையாவது போட்டியா? இதெல்லாம் எந்த நாளைக்கு?"

"ஒரு நாளைக்கு வேணும்."

"அந்த நாள் காலண்டர்ல வருமா, இல்ல தனியா அச்சடிக்கணுமா?"

"நடங்கன்னா நடங்க!" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

லிஃப்டை அனுப்பிவிட்டு, கம்பியை அவசரமாக முடுக்கி, பொறுக்கியெடுத்த ஏழு உடைகளை இடைவெளி விட்டு மாட்டினார்கள். நிதானக்கா கண்ணாடி முன்னால் நின்றாள். உடம்பில் பழைய பழுப்பு ஸ்வெட்டர், முழங்கை வெளுத்தது. விடியும் முன்னே குளிரூட்டிய ஒலிப்பதிவு அறையில் போய் உட்காருகிறவளுக்கு அதுதான் சீருடை. இன்றைக்கும் அதையே போடச் சொல்லித் தயாரிப்பாளர் உத்தரவு. "அதுதான் மேடம் எளிமை!"

போன வாரம் பேருந்தில் ஒரு பெண்மணி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், கம்பத்தையே மறைச்சுக்கிட்டு" என்று முழங்கையால் இடித்தாள். நிதானக்கா "மன்னிச்சுக்கங்க" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம். "ஐயோ, நிதானக்காவா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்."

அழைப்பு மணி அடித்தது.

தயாரிப்பாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் விளக்குக் கம்பங்களைச் சுமந்துகொண்டு கேமராப் பெண். இருவருக்கும் நாக்கு வெளியே தள்ளியது.

"லிஃப்ட்... ரிப்பேர்... மேடம்."

"மூச்சை மெல்ல இழுங்க" என்றாள் நிதானக்கா, பழக்க தோஷத்தில்.

"அதைத்தான் கீழேருந்து பண்ணிக்கிட்டு வர்றோம்க்கா!" என்றாள் கேமராப் பெண்.

விளக்குக்கு வயர் இழுக்க வேண்டியிருந்ததால் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். படப்பிடிப்பு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. நிதானக்கா அலமாரியைத் திறந்தாள். ஒவ்வோர் உடையாகத் தொட்டாள். "இது போதும். இதுக்கு மேல இருக்கிறதெல்லாம் சுமைதான்" என்றாள், தேனில் நனைத்த குரலில். தயாரிப்பாளருக்குக் கண் கலங்கியது. ஓரமாக நின்ற கணவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய கைபேசி அலறியது. அவர் கம்பெனி ஃபோன் அது. காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் எல்லோருக்கும் கேட்டது.

"சார், உங்க பில்டிங்லயே லிஃப்ட் நின்னுடுச்சாம். மேல் மாடி பல் டாக்டரம்மா சத்தம் போடறாங்க. நீங்க வீட்லதானே இருக்கீங்க? போய்ப் பாருங்க."

"நான் இன்னைக்கு லீவு..."

"பாவம் சார், போங்க" என்றார் தயாரிப்பாளர் பெருந்தன்மையாக. "எங்களுக்கும் இறங்கும்போது லிஃப்ட் கிடைக்கும்ல?"

நிதானக்கா கணவரைப் பார்த்தாள். கவலைப்படாதே என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். லிஃப்டை நேரே மொட்டை மாடிக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி படியேறினார். எல்லாம் சரி, ஆனால் அவசரத்தில் ஒன்றை மறந்துபோனார். நின்றுபோன லிஃப்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தால், அது மெக்கானிக் சொல்கிற இடத்துக்குப் போகாது. முதலில் பக்கத்து மாடியில் இறங்கிக் கதவைத் திறக்கும். தினமும் நாலு பேருக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற பாலபாடம் அது.

மேலே சாவி திரும்பிய சத்தம். கூடவே, "ஐயையோ!"

டிங்.

வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிதானக்காவின் குரல், நிதானக்காவைவிட நிதானமாக ஒலித்தது. "மூன்றாம் தளம். கதவு திறக்கிறது. நிதானமாக வெளியே வரவும்."

கதவு திறந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோல், முதலில் சிவப்பு கவுன் வழுக்கி வெளியே வந்தது. அதன் பின்னால் சால்வைகள். கடைசியில் மொத்த மலையும்.

கேமராப் பெண் சட்டென்று கேமராவை அந்தப் பக்கம் திருப்பினாள்.

படியில் தடதடவென்று இறங்கி வந்த கணவர் மூச்சிரைக்கக் கத்தினார். "அதெல்லாம் டாக்டரம்மாவோடது!"

அவருக்குப் பின்னாலேயே இறங்கி வந்த பல் டாக்டரம்மா, பருத்த உடம்பைக் கைப்பிடியில் சாய்த்து நின்று கவுனைப் பார்த்தாள். "என்னோடதா? இதுல என் ஒரு கைகூட நுழையாதேப்பா."

நிதானக்கா காலில் வேர் விட்டதுபோல் நின்றாள். அவ்வளவுதான். மேலிடம் பார்க்கப்போகிறது. பிறகு ஊரே பார்க்கப்போகிறது.

தயாரிப்பாளர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நீலப் புடவையில் விலைச் சீட்டு. சிவப்பு கவுனில் விலைச் சீட்டு. சாம்பல் நிறக் கோட்டில் கடையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தி அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார். கோபப்பட வேண்டியவருக்குக் குழப்பம்தான் வந்தது.

"எனக்குப் புரியல மேடம். இத்தனை வருஷத்துல இந்த ஸ்வெட்டரைத் தவிர வேற எதுலயும் உங்களை நான் பாத்ததே இல்லையே. இதெல்லாம் எந்த நாளைக்குப் போடறதுக்கு வாங்கி வெச்சீங்க?"

கணவரும் காதைத் தீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். இத்தனை நாளாக அவருக்கும் கிடைக்காத பதில் அது.

நிதானக்கா நீலப் புடவையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அதன் கரையை ஒருமுறை நீவிவிட்டாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள்.

"இன்னைக்குப் போடறதுக்குத்தான் சார்."