சீட்டு மாறவில்லை

"ஐயையோ, அதுல குடிக்காதே!"

வீட்டு எஜமானி சென்யோரா மாத்தில்தே பதறி ஓடிவந்து நேலிடாவின் கையிலிருந்த எனாமல் குவளையை வெடுக்கென்று பிடுங்கினாள். "அது எவரிஸ்தாவோட குவளை. நீ இப்ப பல்கலைக்கழகத்துல பாடம் நடத்துறவ. அலமாரி நிறைய பீங்கான் கோப்பை இருக்கே, கண்ணு தெரியலையா பிள்ளே?"

எவரிஸ்தா அடுப்படியில்தான் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அடோபோ கொதித்துக்கொண்டிருந்தது. பன்றிக்கறியும் மிளகாயும் வீடெல்லாம் மணத்தன. இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள் அவள். நேலிடாவைப் பெற்றவளும் அவள்தான்.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டு நேலிடா பீங்கான் கோப்பையை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

குடித்தாளே! அதுதான் நேலிடாவை அறுத்தது. சென்யோரா என்றைக்கும் அப்படித்தான், அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாய்வைத்த குவளையைத் தொட்டதற்கு மன்னிப்பும் கேட்டு, நல்ல பிள்ளையாக வேறு கோப்பையில் குடித்தது யார்? பிறகு போய்ச் சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்தாள்.

அந்தக் குவளைக்கும் ஒரு தட்டுக்கும் ஒரு கரண்டிக்கும் பாத்திரத் தொட்டியின் அடியில் தனி இடம். காரணம் கேட்டால் சுகாதாரம் என்பார்கள். ரொட்டிக்கு மாவு பிசைவது எவரிஸ்தாவின் கை, கறி நறுக்குவது அவள் கை, உப்புப் பார்ப்பது அவள் நாக்கு. அதெல்லாம் இவர்கள் வயிற்றுக்குள் போகலாமாம். அவள் உதடு பட்ட குவளை மட்டும் அலமாரிக்குள் போகக்கூடாதாம். என்ன நியாயமோ, தூ!

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த வீட்டு எஜமானர் டாக்டர் உகார்தே கிருமியியல் பேராசிரியர். பெரு நாட்டு அரெக்கிப்பா நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் துறைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். நேலிடாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். அவள் பரீட்சை எழுதி, எல்லாரையும் முந்திக்கொண்டு அதே துறையில் ஒப்பந்த விரிவுரையாளராக நுழைந்த அன்று, கூட்டத்தில் அவர் எழுந்து, "என் சமையலறையில தவழ்ந்த பொண்ணு இது!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், அவருக்கு.

புதிதாக வந்த விரிவுரையாளர்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி. கடைசியில் மூன்று பேர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் பருவ முடிவோடு வீட்டுக்கு. அந்த மூவருக்கும் தலைவர் டாக்டர் உகார்தே.

"எதுக்குப் பயப்படுறே? இந்தா, என் நோட்ஸ். இருபது வருஷமா ஓடுற வண்டி, நீ ஏறி உக்கார்ந்தாப் போதும்," என்று அவர் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

நேலிடா ஏறி உட்கார்ந்தாள். அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், அவரைப் போலவே செருமினாள். "மிஸ், நீங்க அப்படியே டாக்டர் மாதிரி பேசுறீங்க," என்று ஒரு பையன் சொன்னபோது வெட்கமில்லாமல் பூரித்தும் போனாள். வகுப்பில் பாதி தூங்கியது. அந்த நோட்ஸில் ஓரிடத்தில், 'வீட்டுவேலை செய்யும் கீழ்த்தட்டு மக்களின் வாயில் கிருமிகள் மிகுதி' என்று இருந்தது. அதையும் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் ராகம் போட்டு வாசித்தாள். முன்வரிசையில் யெசிக்கா என்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். யெசிக்காவின் அம்மா மூன்று வீடுகளில் துணி துவைக்கிறவள்.

இந்த ஞாயிறு பீங்கான் கோப்பையில் தண்ணீர் குடித்த பிறகுதான் அந்தக் குனிந்த தலை அவள் நினைவுக்கு வந்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்துக்குப் போனதும் அவள் சமையலறைக்குள் வந்தாள். "அம்மா, ஐயா குடிச்ச கோப்பையும் உன் குவளையும் எனக்கு வேணும். கழுவாம."

"எதுக்கு தாயி?"

"பாடத்துக்கு. செவ்வாய்க்கிழமை அவங்க வந்து பாக்கப்போற பாடத்துக்கு."

 எவரிஸ்தா இரண்டையும் தனித்தனியாகச் சுத்தமான துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைசி வரிசையில் டாக்டர் உகார்தே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டர் சோய்லா அம்மையாரும் இன்னொரு பேராசிரியரும். நேலிடா நோட்ஸ் கட்டை எடுக்கவே இல்லை. மூடி ஒட்டிய கண்ணாடித் தட்டுகளைத்தான் மேசையில் வைத்தாள்.

"ஒரு வீடு. எஜமானர் குடிச்ச கோப்பை ஒண்ணு, வேலைக்காரம்மா குடிச்ச குவளை ஒண்ணு. ரெண்டோட விளிம்பையும் துடைச்சு எடுத்த கிருமியை ரெண்டு நாள் சூட்டுல வச்சு வளர்த்தது இது. ஒவ்வொண்ணுக்கும் மூணு தட்டு. ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர். எது யாருதுன்னு சொல்லுங்க."

ஒன்றாம் நம்பரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். இரண்டாம் நம்பரில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திரிந்த பாலைக் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தது. பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"ரெண்டாவது வேலைக்காரம்மாது!" அறுபது கையும் தூக்கியாயிற்று. யெசிக்காவின் கையும்தான்.

பின்னாலிருந்து டாக்டர் உகார்தே செருமிக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த ஜனங்களோட பல்லு, பழக்கவழக்கம், சாப்பாடு எல்லாம் அப்படி. நாம குற்றம் சொல்லல, ஆனா விஞ்ஞானம் விஞ்ஞானம்தான். நல்ல உதாரணம், சபாஷ் நேலிடா."

நேலிடா பையிலிருந்து எனாமல் குவளையை எடுத்து ஒன்றாம் நம்பர் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தங்க விளிம்பும் 'உ' என்ற எழுத்தும் போட்ட பீங்கான் கோப்பையை எடுத்து இரண்டாம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டாக்டர் உகார்தே மெல்ல உட்கார்ந்தார். அந்த வீட்டில் எத்தனையோ தடவை காபி குடித்த டாக்டர் சோய்லா அம்மையார் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். மாணவர்களுக்குக் கோப்பை யாருடையது என்று தெரியாது.

"இதை வச்சு அந்த எஜமானர் அழுக்குன்னு சொல்லிடாதீங்க," என்றாள் நேலிடா. "நானே ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்னுதான் நெனச்சேன். இன்னொரு நாள் எடுத்தா மாறியும் இருக்கலாம். ரெண்டு வாயை வச்சு ஊர் வாயைப் பத்திப் பேச முடியாது. நான் கேக்கிறது வேற. அறுபது கையும் ஏன் ஒரே பக்கம் தூக்குச்சு? அதை எங்க படிச்சீங்க?"

"நீங்க போன மாசம் வாசிச்சீங்களே மிஸ், அதுலதான்," என்றாள் யெசிக்கா.

நேலிடாவின் காது சூடாகியது. "ஆமா. நான்தான் வாசிச்சேன். சோதிச்சுப் பாக்காமலே வாசிச்சேன். அந்த வரியை வெட்டிடுங்க."

அறுபது பேனாக்கள் கோடு கிழித்த சத்தம் கேட்டது. அப்புறம் பாருங்கள், கேள்விமேல் கேள்வி! எத்தனை பேர் வாயைச் சோதித்தால் போதும், பல் விளக்கிவிட்டு வந்தால் என்ன ஆகும், பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் கோப்பையைக் கொண்டுவரலாமா என்று ஒருவன் கேட்க வகுப்பே சிரித்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஒரு மணி நேரத்தில் தான் ஒரு தடவைகூடச் செருமவில்லை என்பது நேலிடாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் டாக்டர் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஆய்வுக்கூடத்திலிருந்து வரவழைத்த அவளுடைய சோதனைக் குறிப்பேடு புத்தக அறையில் திறந்து கிடந்தது. அவர் கோபமாகவே இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது.

"சின்ன விஷயம், பிள்ளே. அவசரத்துல ஒட்டினதுல நம்பர்ச் சீட்டு மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடு. புதுசா வர்றவங்க கைல இதெல்லாம் சகஜம். சோய்லாகிட்டயும் காட்டிடலாம். நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன், உனக்கு வேலை நிரந்தரம்."

"சீட்டு மாறலையே ஐயா."

"மாறிச்சுன்னு எழுதச் சொல்றேன். உன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யாரு? திருட்டுத்தனமா என் வீட்டுச் சாமானைத் தூக்கிட்டுப் போயிருக்கே. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?"

காபித் தட்டோடு எவரிஸ்தா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே வந்து தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அவ திருடலைங்கய்யா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். தனித்தனியா சுத்திக் குடுத்தேன், மாறலை."

"எவரிஸ்தா, நீ உள்ள போ."

"உள்ள எதுக்குங்கய்யா?" அவள் வேலைக்காகக் கட்டியிருந்த மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தாள். "இவ இதுல பொய் எழுதிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைங்க முன்னால நிப்பா?" மேலங்கியை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். "வா தாயி, போவலாம்."

நேலிடா குறிப்பேட்டை இழுத்து, 'சீட்டு மாறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. சோய்லா அம்மையார் உள்பட மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். நேலிடா தங்கள் மேட்டுத்தெரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினாள்: "பாடம் நடத்தும் திறமை உண்டு. மாணவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் ஓர் ஆசிரியருக்கு வேண்டிய சுத்தம் போதாது. நிரந்தரம் செய்ய இயலவில்லை."

"என்னது போதாதாம்?"

"சுத்தம்."

எவரிஸ்தா பிளீச்சிங் பவுடர் அரித்து வெடித்த தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அப்படியா சொல்றாரு? கேட்டுச் சொல்லு தாயி, போன புதன்கிழமையிலருந்து அவரு கக்கூஸை யாரு கழுவுறாங்களாம்?"